கறுப்பு வயருக்கு ஒரு சான்றிதழ்

என் தோள்பைக்குள் என்னென்ன இருந்தன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு வயர் ஒரு சுருள். கறுப்பு வயர் ஒரு சுருள். மோட்டார் சைக்கிள் பற்றறி ஒன்று. வயரைச் சுற்றி ஒட்டுகிற கறுப்பு ரேப், குறடு, ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் சின்ன பல்பும் வைத்த ரெஸ்ரர். பிளாஸ்ரிக் பெட்டி நிறையச் சுவிச்சுகள். எல்லாவற்றுக்கும் மேலே மத்தியானச் சோற்றுப் பார்சல். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுக வாசலால் இப்படியொரு பையோடு ஒருவன் உள்ளே போனால், அவனைச் சந்தேகிக்காத ஆளைத்தான் நான் சந்தேகிப்பேன். தினமும் பையைத் திறந்து காட்டும்போது உள்ளே இருப்பதைப் பார்த்து எனக்கே பயம் வரும்.

என் வேலை வாகனங்களுக்குச் செற் பூட்டுவது. செற் என்றால் கசற் போட்டுப் பாட்டுக் கேட்கிற செற். அதோடு ஸ்பீக்கர், திருட்டு அலாம், லொறி பின்னுக்குப் போகும்போது கீக் கீக் என்று கத்துகிற ரிவேர்ஸ் கோண். சுருக்கமாகச் சொன்னால், வாகனம் ஓடுவதற்குத் தேவைப்படாத எல்லாம் என் பொறுப்பு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தவணைப் பரீட்சையில் தவறிவிடுவேன் என்ற பயத்தில் பரீட்சைக்கு முதல் கிழமையே நின்றுவிட்டேன். நின்ற பிறகு, ஏன் வரவில்லை என்று கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வரும் என்று கொஞ்சக் காலம் பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கடை முதலாளி கிண்ணியாக்காரர். காலையில் பாதை ஏறி, அதாவது ஆளையும் சைக்கிளையும் லொறியையும் ஒன்றாகக் கடல்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கடத்துகிற மிதவையில் ஏறி வருவார். நான் சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வருவேன். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி அவரை நானா என்று கூப்பிடுவேன். முந்தி அவரே எல்லாம் பூட்டினவர்தான். பிறகு வயிறு வளர்ந்து ஸ்ரியறிங்குக்குக் கீழே போக மறுத்துவிட்டது. அதனால் நான் கீழே படுத்துக்கொண்டு பூட்டுவேன், அவர் கதிரையில் இருந்துகொண்டு பிழை சொல்லுவார். துறைமுகத்துக்குள் ஓடுகிற கொந்தராத்து லொறிகள் எல்லாவற்றுக்கும் ரிவேர்ஸ் கோண் கட்டாயம். கடையின் வேலையில் முக்கால்வாசி அந்த வாசலுக்கு உள்ளேதான் கிடந்தது.

எங்கள் தொழிலில் வயரை யாரும் 'இணைப்பது' இல்லை. குடுப்பதுதான். சிவப்பைப் பற்றறிக்குக் குடு. கறுப்பைப் பொடிக்குக் குடு. பொடி என்றால் வாகனத்தின் உடம்பு, அதன் இரும்புத் தகடு. பெயின்ரைச் சுரண்டி, இரும்பு மினுங்குகிற இடத்தில் கறுப்பு வயரைத் திருகாணியால் இறுக்கிவிட்டால் போதும். மின்சாரம் சிவப்பால் வந்து, வேலையைச் செய்துவிட்டு, கறுப்பால் அந்தத் தகட்டுக்குள் இறங்கிப் பற்றறிக்குத் திரும்பிவிடும்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் பையனைப் பொடியன் என்போம். பலபேர் என்றால் பொடியள். அந்த வருடங்களில் பொடியள் என்று சொன்னால் எந்தப் பொடியள் என்று ஒருவரும் கேட்பதில்லை. காட்டுக்குள் துவக்கோடு நின்ற இயக்கக்காரர்கள்தான். இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு கிட்டக் கிட்ட நிற்கின்றன என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. ஊரில் எல்லாவற்றுக்கும் பயந்தவன் நான், அதற்கு மட்டும் பயப்பட மறந்துபோனேன்.

ஒரு நாள் காலை வாசல் காவலில் புதிதாக ஒரு சிங்களச் சீருடைக்காரர் நின்றார். இளம் வயது. தமிழ் புதிதாகப் படிக்கிறார் போலிருந்தது, பேசிப் பார்க்க ஆசைப்பட்டார். பையைக் கொட்டி, கறுப்பு வயர்ச் சுருளைத் தூக்கிப் பிடித்து, எதற்கு என்று கேட்க நினைத்து இப்படிக் கேட்டார்:

“இது யாருக்கு?”

கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம்.

“பொடிக்குக் குடுக்கிறது சேர்.”

அவர் முகம் மாறியது. “ஒவ்வொரு நாளும்?”

“ஓம் சேர். ஒவ்வொரு நாளும் குடுக்கிறனான். குடுக்காட்டி ஒண்டும் வேலை செய்யாது.”

காலை ஒன்பது மணியிலிருந்து வாசலுக்குப் பக்கத்து வேப்பமரத்தின் கீழ் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். அடிக்கவில்லை, ஏசவில்லை. பதினொரு மணிக்கு ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார்கள். அதில் சீனி கூடுதலாகப் போட்டிருந்தது. ஏன் கூடுதலாகப் போட்டார்கள் என்று அடுத்த ஒரு மணித்தியாலம் யோசித்தேன். குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த சோற்றுப் பார்சலை மடியில் வைத்திருந்தேன். எங்கள் ஊர் ரோட்டில் திரிகிற மான்களில் ஒன்று வாசலைத் தாண்டி உள்ளே வந்து, பார்சலை மணந்து பார்த்துவிட்டு, துறைமுகப் பக்கம் நடந்துபோனது. அதை ஒருவரும் மறிக்கவில்லை.

மத்தியானத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு நானா வந்தார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வாசல் அதிகாரியோடு கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு பக்கத்தில் நின்ற லொறியின் கதவில் உள்ளங்கையால் பளார் பளார் என்று இரண்டு அடி அடித்து, “மே பொடி! லொறி பொடி!”, இதுதான் பொடி, லொறியின் பொடி, என்று சிங்களத்தில் கத்தினார். அதிகாரி நம்பவில்லை. செய்து காட்டச் சொன்னார். பற்றறியையும் ஒரு கோணையும் எடுத்து வைத்து, கறுப்பு வயரை லொறித் தகட்டில் தொட்டேன். கீக். எடுத்தேன். சத்தம் இல்லை. அதிகாரி வயரைத் தன் கையில் வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார். கீக். எடுத்தார். இன்னும் இரண்டு தரம் தொட்டார். மூன்றாம் தரம் அது விசாரணைக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

“என்னடா தம்பி,” என்று திரும்பி வரும்போது நானா கேட்டார், “ஒலகத்துல எத்தின சொல்லு இருக்கு, ஒனக்கு அந்தச் சொல்லுதானா கெடச்ச?”

“நானா, நீங்களும் அதைத்தானே சொல்றனீங்கள்.”

“நான் கடைக்குள்ள சொல்றன். நீ வாசல் கேட்டுல சொல்லியிருக்காய்.”

மூன்று கிழமை கழித்து வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். வாகனங்களில் மின் உபகரணம் பொருத்துகிறவர்கள் இனித் தொழில் தேர்ச்சிச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் உள்ளே போகப் பாஸ். இருக்கிற பாஸ் மூன்று மாதத்தில் முடியும். அந்த அறிவித்தல் என்னால்தான் வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நானாவிடம் சொன்னேன்.

“ஒனக்காகவா? நீ பெரிய ஆளுதான்,” என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “தம்பி, இது வெளையாட்டில்ல. நீ சேட்டிபிகேட் எடுக்காட்டி உள்ளுக்குப் போக ஆளில்ல. எனக்குப் போகலாம், என்ட வயிறு போகாது. கடையச் சாத்திட்டு நான் ஊருக்குப் போய் வயலப் பார்ப்பன். நீ என்ன செய்வாய்?”

நான் என்ன செய்வேன் என்பதற்கு என்னிடம் ஏற்கெனவே ஒன்பது பதில்கள் இருந்தன. ஒன்றும் நல்லதில்லை.

தேர்ச்சிப் பரீட்சை நடத்துகிற கந்தோருக்குப் போனேன். ஒரு கிளாக்கர் அம்மா இருந்தார். நடுவயது, மூக்குக்கண்ணாடி, மேசையில் தொழில்களின் நீளப் பட்டியல்.

“என்ன தொழில் தம்பி?”

“செற் பூட்டுறது மிஸ்.”

பட்டியலில் விரலை ஓட்டினார். “அப்பிடி ஒண்டு இல்லையே. மோட்டார் மெக்கானிக் இருக்கு. வயர்மன் இருக்கு. ரேடியோ திருத்துறவர் இருக்கு.”

“எனக்குத் திருத்தத் தெரியாது மிஸ். பூட்ட மட்டுந்தான்.”

“பூட்டுறதெண்டா? கதவுக்குப் பூட்டுப் போடுறதோ?”

“அதுவும் செய்யிறனான் மிஸ். அலாமோட வாறது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பட்டியலைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே கடைசி வரியில், பிறகு நினைவு வந்து சேர்த்ததுபோல், 'வாகன இலத்திரனியல் உபகரணம் பொருத்துநர்' என்று இருந்தது.

“இதுதான் நீங்கள்,” என்றார்.

அதை வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். இலத்திரனியலில் நாக்கு தடக்கியது. பத்து வருடமாக ஒரு வேலையைச் செய்துகொண்டு அதன் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன். கல்வித் தகைமை என்ற இடத்தில் 'எட்டு' என்று எழுதினேன். அது தனியாக நின்றதைப் பார்க்கக் கவலையாக இருந்தது. பக்கத்தில், தேறினவன் என்று காட்ட, 'சித்தி' என்று எழுதலாமா என்று யோசித்தேன். எட்டாம் வகுப்பு நான் சித்தி இல்லை. விட்டுவிட்டேன்.

கிளாக்கர் அம்மா பாடத்திட்டம் என்று நாலு தாள் தந்தார். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஒரு சாமானும் அதில் இல்லை. பற்றறி இல்லை, மின்கலவடுக்கு இருந்தது. ஃபியூஸ் இல்லை, உருகி இருந்தது. கடைசித் தாளில், கறுப்பு வயர் போகிற இடத்துக்கு ஒரு பெயர்: புவித்தொடுப்பு.

அந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. அதில் பொடி இல்லை. பொடியை நினைவுபடுத்துகிற ஒன்றுமே இல்லை. எந்த வாசலிலும் எந்தச் சீருடைக்காரர் முன்னாலும் துணிந்து சொல்லலாம். அரசாங்கமே அச்சடித்துத் தந்த சொல். பொடி என்பதை அன்றைக்கே வாயிலிருந்து கழற்றி எறிந்துவிட்டேன். கடையில் நானா, “கறுப்பப் பொடிக்குக் குடுத்தியா?” என்றால், “புவித்தொடுப்புக் குடுத்திட்டன் நானா” என்பேன்.

“யாரு அது, புது கஸ்ரமரா?” என்பார்.

வீட்டில் மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே என்னைக் கேள்வி கேட்பாள். அவள் பள்ளிக்கூடத்துச் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவள். தாளை மடியில் விரித்து, துருவல் சிந்தாமல் பார்த்துக்கொள்வாள்.

“கறுப்பு வயர்?”

“புவித்தொடுப்பு.”

“உருகி?”

“ஃபியூஸ்.”

“ஃபியூஸ் எண்டு எனக்கும் தெரியும். எங்க பூட்டோணும் எண்டு கேக்கிறன்.”

“சிவப்பில. பற்றறிக்குக் கிட்ட.”

“இஞ்சாருங்கோ, பயப்பிடாமச் சொல்லுங்கோவன்.”

“பயப்பிடாமத்தான் சொல்றன். குரல் அப்பிடி.”

பரீட்சை நாளில் ஊரடங்கு போட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். தள்ளி வைப்பார்கள் என்றாள். தள்ளி வைத்தால் பாஸ் முடிந்துவிடுமே என்றேன். அப்படியென்றால் தள்ளி வைக்கமாட்டார்கள் என்றாள். எந்தப் பக்கத்தால் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதுவும் எனக்குக் கவலையாக இருந்தது.

ஊரடங்கு போடவில்லை. கந்தோரின் பின்வளவில் பழைய நீல வான் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் வயதானவர், நகக்கண்ணில் கிறீஸ் இருந்தது. அதைப் பார்க்க ஆறுதல். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் மொழிபெயர்க்க அதே கிளாக்கர் அம்மா. மூன்றாவது கதிரையில், துறைமுகப் பாஸ் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், வாசல் அதிகாரி. வேப்பமரத்தடியில் வயரை வாங்கி மூன்று தரம் கீக் அடித்துப் பார்த்த அதே அதிகாரி. அவர் என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வானுக்குள் ஏறினேன்.

ஒரு கசற் செற், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ரிவேர்ஸ் கோண். இரண்டு மணித்தியாலம். டாஷ்போட்டுக்குள் தலை போய்விட்டால் எனக்குப் பயம் இல்லை. அங்கே யாருடைய முகமும் தெரியாது, எல்லா வயருக்கும் நிறம் இருக்கும். ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன். செற் பாடியது. வானைப் பின்னுக்கு எடுத்தார்கள். கீக் கீக். பரீட்சகர் தலையை ஆட்டி ஏதோ எழுதினார். இனி வாய்மொழிக் கேள்வி மட்டும்.

பரீட்சகர் கோணிலிருந்து வருகிற கறுப்பு வயரைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார். கிளாக்கர் அம்மா தமிழில் கேட்டார்:

“இந்தக் கறுப்பு எங்க குடுத்திருக்கிறீங்கள்?”

இந்த ஒரு கேள்விக்காக இரண்டு மாதம் தேங்காய் துருவியிருக்கிறோம். நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“புவித்தொடுப்பு மிஸ்.”

“என்னது?”

“புவித்தொடுப்பு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “புவி எண்டா பூமியெல்லோ தம்பி?”

“ஓம் மிஸ்.”

“வானிலயிருந்து பூமிக்கோ?”

“ஓம் மிஸ்.”

எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் சிரிப்பாகப் படவில்லை. அவர் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். நிலத்துக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் பரீட்சகர் எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, வானுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். நிலத்தில் வயர் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எழும்பி வந்து, கதிரையில் இருந்து, பேனையைத் திறந்தார்.

பாஸ் போகிறது என்று தெரிந்தது. நானா வயலுக்குப் போவது தெரிந்தது. அந்தக் கொழும்பு மனிதருக்குப் புரியக்கூடிய சொல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் நானே கழற்றி எறிந்த சொல். அதைச் சொன்னால் மூன்றாவது கதிரைக்கும் கேட்கும். வாயைத் திறந்தேன். வாயை மூடினேன். பிறகு நானா செய்ததுபோல் வானின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

பரீட்சகரின் பேனை நின்றது. முகம் வெளித்தது.

“ஆ! பொடியட்டத துன்னே?” என்றார் சத்தமாக.

அது சிங்களம். பொடிக்கா குடுத்தாய், அவ்வளவுதான் அர்த்தம். அவர்களுடைய கராஜ்களிலும் கறுப்பு வயரைப் பொடிக்குக் குடுக்கிறார்களாம். சொல் மட்டுமில்லை, குடுப்பதும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் தமிழ்க் காதில் அந்த 'பொடியட்ட' விழுந்தால், பொடியளிட்ட, அதாவது பொடியளிடம், என்றுதான் விழும். பொடியளிட்டக் குடுத்தியா. கிளாக்கர் அம்மாவின் கையிலிருந்து பேனை நழுவி மேசையில் உருண்டு நிலத்தில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குப் பயந்து அவரும் எத்தனை நாள் வாயை மூடி இருந்திருக்கிறார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வளவில் இருந்த சிங்களவர் இருவரும் சாதாரணமாக இருந்தார்கள். தமிழர் இருவருக்கும் வியர்த்தது.

மொழிபெயர்ப்பது அவர் வேலை. அவர் மொழிபெயர்க்கவில்லை. மெதுவாக, “ஓம் எண்டு சொல்லுங்கோ தம்பி,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

பரீட்சகர் சரி போட்டார். அப்போது மூன்றாவது கதிரையில் இருந்த அதிகாரி முன்னுக்குச் சாய்ந்து, என்னைக் காட்டி, சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

“உங்களைத் தெரியுமாம்,” என்றார் கிளாக்கர் அம்மா.

ஒரு சீருடைக்காரர் சொல்லி நான் கேட்க விரும்பாத வசனங்களின் வரிசையில் முதலாவது அதுதான். குறட்டைப் பைக்குள் போட்டேன், திரும்ப வெளியே எடுத்தேன்.

“லொறிப் பொடிக்காரர் எண்டு சொல்றார். நல்லா வேலை தெரியுமாம்.”

அதிகாரி கையை உயர்த்தி, இல்லாத வயர் ஒன்றைக் கதிரைக் காலில் தொட்டு, “கீக்” என்றார். பரீட்சகர் சிரித்தார். கிளாக்கர் அம்மாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, நான் சிரித்த அளவு சரியா, கூடிவிட்டதா என்று மனைவியிடம் கேட்டேன். தான் அங்கே நிற்கவில்லையே என்றாள்.

பாஸ் முடிவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. தடித்த தாள், மூன்று மொழி, வட்ட முத்திரை. சிங்களம் என்னால் வாசிக்க ஏலாது. இங்கிலீஷை மனைவி எழுத்துக் கூட்டிச் சரி என்றாள். தமிழை நான் வாசித்தேன். 'வாகன இலத்திரனியல் உபகரணம் பொறுத்துநர்.'

“ரு இல்ல, று போட்டிருக்கு,” என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். “பொறுத்துநர் எண்டா பொறுத்துக்கொண்டிருக்கிறவர். அதுவும் சரிதானே உங்களுக்கு.”

“கேட்டில பிடிச்சா? கள்ளச் சேட்டிபிகேட் எண்டு சொன்னா?”

“திருத்தக் குடுங்கோ.”

“திருத்த ரெண்டு மாதம் எடுக்கும். ஐஞ்சு நாளில பாஸ் முடியுது.”

“அப்ப பொறுங்கோ,” என்று தேங்காயை எடுத்துக்கொண்டு போனாள்.

திருத்தக் கொடுக்கவில்லை. அந்த வரியை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் அந்த வாசலில் நின்று சான்றிதழ் பார்க்கிற ஆட்கள் இல்லை என்று ஐந்து நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் புதுப் பாஸும் கிடைத்தது. ஆறாம் நாள் காலை, பிளாஸ்ரிக் உறை போட்ட சான்றிதழைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே, சோற்றுப் பார்சலுக்கும் மேலே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

தமிழ் படிக்கிற அந்த இளம் ஆள்தான் நின்றார். சான்றிதழை எடுத்து முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு தமிழ் வரியில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, வாய் அசைய வாசிக்கத் தொடங்கினார். 'இலத்திரனியல்' கடக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. 'பொறுத்துநர்' வந்தபோது நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். அவர் அதைச் சத்தமாக வாசித்தார். ரு, று வித்தியாசம் அவர் வாயில் இல்லை. “ஹரி,” அதாவது சரி, என்று திருப்பித் தந்தார். பிறகு வழமைபோல் பை முழுவதையும் மேசையில் கொட்டி, சிவப்பு வயர், கறுப்பு வயர், பற்றறி, சுவிச்சு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோற்றுப் பார்சலைக் குத்தினார். கறுப்பு வயரைத் தூக்கியபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சுருளை வாங்கிப் பையின் அடியில் வைத்தேன்.

லொறிகளை முடித்துவிட்டுக் கடைக்கு வர மத்தியானம் தாண்டிவிட்டது. நானா கதிரையில் இருந்தார்.

“என்னடா தம்பி, சேட்டிபிகேட் எடுத்தும் இவ்வளவு நேரமா கேட்டுல?”

“அதையும் வாசிச்சவங்கள் நானா. அதாலதான் பிந்தினது.”